மேலாளர் மோசமானால்: தொழிலாளி, முதலாளி, குடும்பம் செய்ய வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே இடத்தில் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய மாதம் பிள்ளைகளின் மேற்படிப்பு. இந்த மாதம் மேலாளரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நலக் கூட்டத்தில் இது என்ன தலைப்பு என்று சிலருக்குத் தோன்றலாம்.

நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருகிற மனுக்களைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மேலே "பள்ளிக் கட்டணம்" என்று இருக்கும், "மருத்துவச் செலவு" என்று இருக்கும். உட்கார வைத்து விசாரித்தால் கதை வேறு மாதிரி போகும். மகன் சென்னையில் கடையில் இருந்தான், சூப்பர்வைசரோடு ஒத்துவரவில்லை, ஒருநாள் கோபத்தில் வந்துவிட்டான், இரண்டு மாதச் சம்பளம் அங்கேயே நிற்கிறது. கணவர் சவூதியில் இருக்கிறார், கஃபீல் பாஸ்போர்ட்டைத் தர மறுக்கிறார். மகள் வேலைக்குப் போன இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாள், வேலைக்கும் போக மாட்டேன் என்கிறாள். பல வீடுகளில் கடனும் நோயும் நுழைகிற வாசல் இதுதான். ஆகவே இது நலக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கூட்டத்தில் தொழிலாளிகளும் இருக்கிறார்கள், முதலாளிகளும் இருக்கிறார்கள். தொழுகையில் ஒரே சஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். அங்கே முதலாளி யார், வேலைக்காரர் யார் என்று தெரியாது. கடைக்குள் போன பிறகு நாம் எப்படி இருக்கிறோம் என்பதையும் இன்று சேர்த்தே பேசப் போகிறேன்.

கண்டிப்பு வேறு, கொடுமை வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கண்டிப்பான மேலாளர் எல்லோரும் மோசமானவர்கள் அல்லர். ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஒன்பது மணிக்கு வர வேண்டும் என்பவர், கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்பவர், இவர்களிடம் வேலை பழகியவர்கள்தான் பிற்காலத்தில் சொந்தக் கடை வைத்து நிலைத்திருக்கிறார்கள். கண்டிப்பானவர் எல்லோருக்கும் ஒரே விதியை வைப்பார். தவறைத் திட்டுவார், உங்கள் தாய் தகப்பனை இழுக்க மாட்டார். திட்டிய பிறகு எப்படிச் சரியாகச் செய்வது என்று காட்டிக் கொடுப்பார்.

மோசமானவருக்கு நான்கு அடையாளங்கள் சொல்லலாம். ஒன்று, வாடிக்கையாளர் முன்னால், சக ஊழியர் முன்னால் அவமானப்படுத்துவார். இரண்டு, அவர் மனநிலைக்கு ஏற்ப விதி மாறும்; நேற்றுச் சரியென்றது இன்று குற்றமாகும். மூன்று, நல்லது நடந்தால் பெயர் அவருக்கு, கெட்டது நடந்தால் பழி கீழே இருப்பவருக்கு. நான்கு, தமக்கு உரிமையில்லாததைப் பிடித்து வைத்துக்கொள்வார்: சம்பளம், சான்றிதழ், பாஸ்போர்ட், வாரவிடுமுறை.

இந்த நான்கும் எங்கே போய் முடிகின்றன தெரியுமா? கெட்ட செய்தியை அவரிடம் யாரும் சொல்ல முடியாத நிலைமை உண்டாகிறது. அது உண்டாகிவிட்டால் அந்த வேலையிடம் உள்ளேயே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் என்ன நடக்கிறது?

ஒரு பல்பொருள் அங்காடியை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குக் கடையைக் கட்டும்போது ஃப்ரீசரில் குளிர்ச்சி குறைவாக இருப்பதை ஒரு பையன் கவனிக்கிறான். மேனேஜருக்குப் போன் செய்ய வேண்டும். ஆனால் போன வாரம் தராசு பழுதென்று சொன்ன இன்னொரு பையனுக்கு என்ன நடந்தது என்பது இவனுக்குத் தெரியும். "நீதான் உடைத்திருப்பாய்" என்று சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். இவன் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறான். காலையில் இறைச்சியும் ஐஸ்கிரீமும் கெட்டுக் கிடக்கின்றன. யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நஷ்டத்துக்குக் காரணம் மின்சாரமா, பயமா? நீங்களே யோசியுங்கள்.

இது கடையோடு நிற்கிற விஷயமும் அல்ல. உலக அளவில் பேசப்படுகிற ஓர் உதாரணம் சொல்கிறேன். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையில் ஒரு ஜம்போ விமானம் இன்னும் இருக்கிறது. அது தெரியாமல் இன்னொரு ஜம்போ விமானம் கிளம்ப ஓடுகிறது. கிளம்பும் விமானத்தின் தலைமை விமானி மிகவும் மூத்தவர், மற்ற விமானிகளுக்கே பயிற்சி தருபவர். அவருக்குப் பின்னால் இருந்த பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. முன்னால் உள்ள விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 உயிர்கள் போயின.

அந்த விமானி கொடுமைக்காரர் என்று நான் சொல்லவில்லை. விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு விமானத் துறை ஒரு பாடம் கற்றது. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் நின்று கேட்க வேண்டும் என்று விமானிகளுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் அந்தப் பயிற்சி நடைமுறையில் இருக்கிறது. நல்ல குணமுள்ள மூத்தவர் முன்னாலேயே வாய் தயங்குகிறது என்றால், எதற்கெடுத்தாலும் பாய்கிறவர் முன்னால் யார் வாய் திறப்பார்கள்?

அடுத்து நடப்பது, நல்ல ஆட்கள் முதலில் போய்விடுவார்கள். வேலை தெரிந்தவருக்கு வெளியே இடம் கிடைக்கும், அவர் போய்விடுவார். தலையாட்டுகிறவர்களும் போக வழியில்லாதவர்களும் மிஞ்சுவார்கள். கோள் சொல்வது அங்கே ஒரு தொழிலாகிவிடும். ஒருவர் டீ குடிக்கப் போனதை இன்னொருவர் மேலே சொல்லுவார். ஆறு மாதத்தில் அந்தக் கடையில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள்.

மூன்றாவது, இது வீட்டுக்கு வருகிறது. கடையில் வாய் திறக்க முடியாதவர் வீட்டில் பாத்திரத்தைத் தூக்கி எறிகிறார். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் அடி விழுகிறது. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் பகுதியில் வேலை பார்த்த 3,122 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் மேலாளர் நன்றாக நடத்துகிறார் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வருவது குறைவாக இருந்தது. அப்படியானால் மேலாளர் பிரச்சினையைப் போன மாதம் பேசிய சர்க்கரை நோயோடு சேர்த்துப் பேசுவதில் தவறில்லை.

தொழிலாளி செய்ய வேண்டியவை

முதலில், தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். தவறு என் பக்கமா, அவர் பக்கமா? அங்கேயே நீண்ட நாள் வேலை பார்க்கிற நேர்மையான ஒருவரிடம் கேளுங்கள். அவர் "தம்பி, நீ தினமும் அரை மணி நேரம் லேட்டாக வருகிறாய்" என்றால் அதைச் சரி செய்யுங்கள்.

இரண்டாவது, தனியாகப் பேசுங்கள். கூட்டமான நேரத்தில் வேண்டாம், அவர் கல்லாவை எண்ணும்போது வேண்டாம். கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். "பாய், நான் தவறு செய்தால் கூப்பிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். கஸ்டமர் முன்னால் வேண்டாம். அவர்கள் அடுத்த தடவை என் பேச்சை மதிக்க மாட்டார்கள், வியாபாரம்தான் கெடும்." இப்படிச் சொன்னால் பாதிப் பேர் மாறிவிடுவார்கள். அவர்களுக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள். மாறாதவர் யார் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

மூன்றாவது, எழுதி வையுங்கள். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார், இவ்வளவுதான். வாய்மொழியாக ஒரு வேலை சொன்னால், "நீங்கள் சொன்னபடி சரக்கை மேல் மாடிக்கு மாற்றிவிட்டேன்" என்று மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். நாளை "நான் சொல்லவே இல்லை" என்றால் அது பேசும்.

நான்காவது, தனியாக நிற்காதீர்கள். ஒருவர் கேட்டால் அவன் திமிர் பிடித்தவன் என்பார்கள். மூன்று பேர் சேர்ந்து போய் அமைதியாகக் கேட்டால் அது கோரிக்கை. நடுவில் இருக்கும் மேலாளர்தான் பிரச்சினை என்றால், பெரிய முதலாளியைப் போய்ப் பாருங்கள். பல முதலாளிகளுக்குத் தங்கள் கிளையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழி வாங்குவதாக நினைத்துக்கொண்டு சரக்கில் கை வைக்காதீர்கள், வேலையைக் கெடுக்காதீர்கள். அவர் அநியாயம் செய்தார் என்பதற்காக நம் அமானத் கெட்டுப்போகக் கூடாது. ஸ்டேட்டஸில் அவரைத் திட்டிப் போடாதீர்கள். நாளை அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வெற்றுத் தாளிலோ, நிரப்பாத காசோலையிலோ, தேதி போடாத ராஜினாமா கடிதத்திலோ ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஃபார்மாலிட்டிக்கு" என்பார்கள். போடாதீர்கள்.

சட்டம் தருகிற பாதுகாப்பு

நம் பிள்ளைகள் பலருக்குத் தங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்றே தெரியாது. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டாலும் விலக்கப்பட்டாலும் வேலை பார்த்த நாட்களுக்கான ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "கணக்கு முடியட்டும், மூன்று மாதம் கழித்து வா" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டே வந்தது. அதன்படி, ஒரு கடையில் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அநியாயமாக நிறுத்தினால் தாமதிக்காமல் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். இதே சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பது அந்தத் திருத்தம். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து மணி நேரம் நின்றே கால் வீங்கிய நம் பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களில் உண்டு. உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். அதே அளவு முதலாளியும் போட வேண்டும். பிடித்த பணம் உண்மையிலேயே உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். செல்போனிலேயே பார்க்கலாம். ஈ.எஸ்.ஐ. இருந்தால் குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

பத்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உண்டு. ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கு. மாதத்துக்கு 26 நாள் என்று வகுக்க வேண்டும். கடைசிச் சம்பளம் 15,600 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 600; பதினைந்து நாளைக்கு 9,000. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு 90,000 ரூபாய். கோபத்தில் சட்டையை உதறிவிட்டு வருகிறவர்கள் எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பாருங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. வேலையிடத்தில் ஒருவர் தவறான எண்ணத்தோடு தொட்டாலோ, பேசினாலோ, செய்தி அனுப்பினாலோ 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாம். பத்து பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் அதற்கென உள் புகார் குழு இருக்க வேண்டும். சிறிய கடை என்றாலும், வீட்டு வேலை என்றாலும், முதலாளியே தவறு செய்தவர் என்றாலும் மாவட்டத்தில் உள்ளூர் புகார் குழு இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாய்மார்களே, மகள் வாயைத் திறந்து சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மூன்று மாதத்தையும் மௌனமாகக் கழித்துவிடுகிறார்கள்.

சம்பளப் பிரச்சினைக்கு மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் போங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

நம் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. அங்கே மேலாளர் மோசமாக இருந்தால் பயம் இரண்டு மடங்காகிறது. விசாவே அவர் கையில் இருப்பதாக நாம் நினைக்கிறோம்.

முதலில், பாஸ்போர்ட் உங்களுடையது. சவூதியிலும் அமீரகத்திலும் முதலாளி அதைப் பிடித்து வைப்பது சட்டப்படி தவறு. சவூதியில் 2021 மார்ச் 14 முதல், ஒப்பந்தம் முடிந்தவர் முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு நிறுவனத்துக்கு மாற வழி செய்திருக்கிறார்கள். ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டு வேலைக்காரர், தோட்ட வேலைக்காரர் போன்றவர்கள் அந்த ஏற்பாட்டில் சேர்க்கப்படவில்லை. போகும் முன்பே எந்த விசா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கத்தாரிலும் 2020 முதல் பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை மாறலாம். அமீரகத்தில் சம்பளம் வங்கி வழியாகவே வர வேண்டும் என்ற முறை 2009-இல் தொடங்கியது. ஆகவே கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்றால் கவனமாக இருங்கள்.

மிக முக்கியமானது, சொல்லாமல் ஓடிவிடாதீர்கள். ஓடிவிட்டால் முதலாளி உங்களைத் தலைமறைவு என்று பதிவு செய்துவிடுவார். சவூதியில் அதை ஹுரூப் என்பார்கள். அதன் பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேசுவது கடினம். வேலையில் இருந்துகொண்டே அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் ஊரில் இருக்கும் குடும்பத்தாரே புகாரைப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

இதற்கெல்லாம் தாள் வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இக்காமா எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டில் இருக்கிற சகோதரிகள் போனில் "பணம் எப்போது வரும்?" என்று கேட்பதோடு, "தூங்குகிறீர்களா? வேலையிடத்தில் எப்படி நடத்துகிறார்கள்?" என்றும் கேளுங்கள். பல ஆண்கள் கேட்டால்தான் சொல்லுவார்கள்.

வேலையை விடுவதென்றால்

பேசியும் மாறவில்லை, மேலே சொல்லியும் பயனில்லை, உடம்பும் மனமும் கெடுகிறது என்றால் விடுவது தோல்வி அல்ல. ரிஸ்க் ஒரு முதலாளியின் கையில் மட்டும் இல்லை; கொடுப்பவன் அல்லாஹ். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குங்கள். அடுத்த வேலையைப் பாருங்கள். முறையாக எழுதிக் கொடுத்து, முன்னறிவிப்பு காலத்தை முடித்து, அனுபவச் சான்றும் பாக்கிச் சம்பளமும் வாங்கிக்கொண்டு ஸலாம் சொல்லி வாருங்கள். அடிக்கிறார்கள், மானத்துக்கு ஆபத்து என்றால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அன்றே வெளியே வாருங்கள்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

இப்போது முன் வரிசையில் இருக்கிற முதலாளிகளிடம் உரிமையோடு பேசுகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் மோசமான மேலாளரைப் பற்றிச் சொல்லும் புகார்களில் ஒரு பங்கு, நம்மவர்களின் கடைகளில் இருந்துதான் வருகிறது. "நம்ம ஆள்தானே, என்ன கேட்டுவிடப் போகிறான்" என்ற எண்ணம் சிலரிடம் இருக்கிறது. சொந்தக்காரப் பையன் என்றால் சம்பளமே பேசாமல் வேலை வாங்குவதும் நடக்கிறது.

அனஸ் (ரலி) அவர்கள் சிறு வயதிலிருந்து பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர். அந்தப் பத்து ஆண்டிலும் ஒரு தடவைகூடத் தம்மை அவர்கள் சலித்துக் கடிந்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சிறுவன் என்றால் தவறு செய்யாமலா இருந்திருப்பார்? நம் கடையில் பத்து வருடம் இருந்த ஒருவர் நம்மைப் பற்றி என்ன சொல்லுவார்? அதை யோசித்தால் போதும்.

நடைமுறையில் சில விஷயங்கள். சம்பளத் தேதியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வியாபாரம் குறைந்தாலும் அந்தத் தேதி மாறக் கூடாது. பிடித்தம் செய்தால் எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். திட்ட வேண்டுமென்றால் உள்ளே கூப்பிட்டுத் திட்டுங்கள், பாராட்ட வேண்டுமென்றால் வெளியே எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். நாற்பது வயது மனிதரை "பையா" என்று கூப்பிடாதீர்கள்; அவருக்கும் பெயர் இருக்கிறது, அவர் பிள்ளைகளும் பெரியவர்களாகிவிட்டார்கள். கடை ஆளை வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். ஜும்ஆவுக்கும் சாப்பாட்டுக்கும் அவகாசம் கொடுங்கள். மாற்று மதச் சகோதரர்கள் வேலை பார்த்தால் அவர்களுடைய பண்டிகைக்கு விடுமுறையும் முன்பணமும் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட செய்தி கொண்டு வருகிறவனைக் காப்பாற்றுங்கள். "ஃப்ரீசர் ஓடவில்லை", "நான் தவறாக பில் போட்டுவிட்டேன்" என்று ஒருவன் தானாக வந்து சொன்னால், முதல் வார்த்தை "சொன்னது நல்லது" என்று இருக்கட்டும். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், போன வருடம் வேலையை விட்டுப் போனவர்களில் மூன்று பேருக்குப் போன் செய்து ஏன் போனார்கள் என்று கேளுங்கள். இப்போது இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஜமாஅத்தும் குடும்பமும்

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து முறையிட்டால் "பொறுத்துப் போ" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பொறுமை உயர்ந்த குணம்தான். ஆனால் அநியாயத்தைக் கேட்காமல் விட்டுவிடுவதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கக் கூடாது. சம்பளத் தகராறு என்றால் ஜமாஅத்தில் இருவரையும் உட்கார வைத்துப் பேசலாம். இரு பக்கமும் கேட்டு, முடிவை எழுத்தில் கொடுங்கள். ஆனால் பெண்ணின் மானம் சம்பந்தப்பட்டது, அடிதடி, விபத்து போன்றவற்றை நான்கு சுவருக்குள் பேசி முடித்துவிடக் கூடாது. அவை சட்டப்படி போக வேண்டியவை. அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அங்கே நம் வேலை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வேலை பார்ப்பவர் பி.எஃப். கணக்கைத் திறந்து பாருங்கள், நியமனக் கடிதம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். முதலாளி சம்பளத் தேதியை எழுதி நாளைக் காலை கடையில் ஒட்டுங்கள். தாய்மார்கள் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் போன் செய்து, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "உன் மேனேஜர் எப்படிம்மா?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அவசரப்படாமல் காத்திருங்கள்.

மனு எழுதவும், தாள்களைச் சரிபார்க்கவும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லவும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்கள். கூச்சப்படாமல் வாருங்கள். பிரச்சினை முற்றிய பிறகு வராமல், முதல் மாதச் சம்பளம் தவறியதுமே வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. பிறர் உழைப்பை உண்ணாமல் நம்மைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.